குழும மடலுக்குப் பதில் எழுதினால் அது யாருக்குப் போய்ச் சேர வேண்டும்?

#1 நெய்தல்நிலவன்

ஆறு ஆண்டுகளுக்கு முன் நடந்ததை இப்போதுதான் எழுதத் துணிகிறேன். நான் படித்த பள்ளியின் பழைய மாணவர்களுக்கென ஒரு மடற்குழு இருக்கிறது. நானூறு பேருக்கு மேல் உறுப்பினர்கள். என் பால்ய நண்பன் ஒரு நூலக விழாவுக்கு அழைப்பு எழுதியிருந்தான். அவனுக்கு மட்டும் போகும் என்ற நினைப்பில் "பதிலளி" பொத்தானை அழுத்தி, என்னால் வர இயலாத காரணத்தை எழுதினேன். அம்மாவுக்குப் புற்றுநோய் என்பது அதற்கு முந்தைய வாரம்தான் உறுதியாகியிருந்தது. அவரிடம் நாங்கள் இன்னும் சொல்லவில்லை. வீட்டை அடகு வைப்பது பற்றியும் எழுதியிருந்தேன்.

மடல் நானூறு பேருக்கும் போய்விட்டது. அன்று மாலையே ஊர்க்காரர் ஒருவர், நல்ல மனத்தோடுதான், அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து ஆறுதல் சொன்னார். தனக்கு என்ன நோய் என்று அம்மா அப்படித்தான் தெரிந்துகொண்டார்.

பிறகு விசாரித்தபோது விளங்கியது. குழுமத்தை நடத்துபவர், அதன் வழியாகப் போகும் ஒவ்வொரு மடலிலும் "ரிப்ளை-டூ" என்ற ஹெடரில் (பதில் எங்கே போக வேண்டும் என்று மடலின் தலைப்பகுதியில் குறிக்கும் வரி) குழும முகவரியைப் பொருத்தி வைத்திருந்தார். அனுப்புநர் இடத்தில் என் நண்பனின் பெயர் தெரிந்தது. என் பதிலோ குழுமத்துக்குப் போனது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பல குழுமங்களில் இதுதான் வழக்கம்.

என் கருத்து இது. "பதிலளி" என்றால் எழுதிய ஆளுக்குப் பதில் என்றுதான் பொருள். குழுமத்துக்கு எழுதத் தனிப் பொத்தான் வேண்டும். அதை மின்னஞ்சல் செயலி தர வேண்டும். குழுமச் சர்வர் நடுவழியில் ஹெடரைத் திருத்தி அந்த முடிவை எடுக்கக்கூடாது. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 குறிஞ்சி

படித்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் எழுத முடியவில்லை, ஐயா. அம்மாவுக்கு நேர்ந்தது யாருக்கும் நேரக்கூடாது.

ஆனாலும் நான் எதிர்க்கட்சிதான். மரபு விதைகளைப் பாதுகாப்பவர்களுக்கான ஒரு மடற்குழுவில் பன்னிரண்டு ஆண்டுகளாக மட்டுறுத்துநராக இருக்கிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் நீங்கள் சொல்லும் முறையில்தான் நடத்தினோம். பதிலளித்தால் எழுதியவருக்கு மட்டும் போகும். விளைவு என்ன தெரியுமா? ஆவணக் காப்பு முழுவதும் கேள்விகளாகவே நிறைந்தது. கம்பு விதையை வண்டு துளைக்காமல் எப்படி வைப்பது என்று ஒருவர் கேட்டிருப்பார். அதற்குக் கீழே ஒன்றும் இருக்காது. பதில் வந்திருக்கும், தனிமடலில். எங்களில் மிகுந்த அனுபவம் வாய்ந்த பெரியவர் ஒருவர் அப்படித்தான் நூற்றுக்கணக்கான பதில்களைத் தனித்தனியாக எழுதியிருக்கிறார். அவர் இறந்த பிறகு அவர் சொன்னதைத் தொகுக்கலாம் என்று காப்பைத் தேடினோம். முப்பது மடல்கூடத் தேறவில்லை. அவருக்குக் குழுமத்தை விட்டு விலகி எழுதும் எண்ணமே இருந்ததில்லை. பொத்தானை அழுத்தினார், அவ்வளவுதான்.

உங்களுக்கு நேர்ந்த இழப்பு எல்லாருக்கும் தெரிந்தது. எங்களுக்கு நேர்ந்த இழப்பு யார் கண்ணிலும் படவில்லை. அன்றுதான் ரிப்ளை-டூவை மாற்றினேன்.

#3 தபால்தம்பி

மின்னஞ்சல் சர்வர்களைப் பராமரிப்பது என் வேலை. இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு.

1982இல் வந்த ஆர்எஃப்சி 822 என்ற மின்னஞ்சல் விதிநூல் ரிப்ளை-டூவுக்குப் பல பயன்களைச் சொன்னது. எழுதியவர் வேறு முகவரியில் பதில் பெற விரும்பினால் அங்கே குறிக்கலாம். கூடவே, குழுவாகக் கடிதம் பரிமாறிக்கொள்பவர்கள் அந்த விநியோக முகவரியை அதில் இடலாம் என்றும் ஒரு குறிப்பு இருந்தது. ஒரே ஹெடரில் இரண்டு நோக்கங்கள் குடியேறியது அங்கேதான். 2001இல் ஆர்எஃப்சி 2822 அதைச் சுருக்கியது. இப்போதுள்ள 5322உம் (2008) அதே வழிதான். பதில் எங்கே வர வேண்டும் என்று மடலை எழுதியவர் பரிந்துரைக்கும் முகவரி ரிப்ளை-டூ. எழுதியவர் என்ற சொல்லைக் கவனியுங்கள். குழுமச் சர்வர் எதையும் எழுதவில்லை, சுமந்துவந்தது மட்டும்தான்.

இதில் இன்னொரு சேதமும் உண்டு. வெளியூர் போகும் ஒருவர் "பதிலை என் அலுவலக முகவரிக்கு அனுப்புங்கள்" என்று தாமே ரிப்ளை-டூ இட்டிருந்தால், சில குழுமங்கள் அதை அழித்துவிட்டுத் தம் முகவரியை எழுதிவிடும். அவரைத் தனியே அடையும் வழி அதோடு அடைபடும்.

குழுமத்துக்கென்றே தனி ஹெடர்கள் 1998இல் வந்துவிட்டன. ஆர்எஃப்சி 2369. அதில் லிஸ்ட்-போஸ்ட் என்பது குழுமத்துக்கு எழுத வேண்டிய முகவரி. லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப் விலகுவதற்கு. லிஸ்ட்-ஆர்க்கைவ் பழைய மடல்கள் இருக்கும் இடம். மெயில்மேன் உட்படப் பெரும்பாலான குழும மென்பொருள்கள் இவற்றை ஒவ்வொரு மடலிலும் சேர்த்துத்தான் அனுப்புகின்றன. செயலி படித்தால் போதும்.

மட் என்ற முனையச் செயலியில் 'ஆர்' விசை எழுதியவருக்கு, 'ஜி' எல்லாருக்கும், பெரிய 'எல்' குழுமத்துக்கு. கேமெயில், எவலூஷன் ஆகிய செயலிகள் இரண்டிலும் குழுமப் பதில் இருக்கிறது. தண்டர்பேர்டில் 2009 டிசம்பரில் வந்த 3.0 பதிப்பில்தான் அந்தப் பொத்தான் கிடைத்தது. ஹெடர் பிறந்து பதினோரு ஆண்டுகள் கழித்து.

#4 வன்னியூரான்

தொண்ணூறுகளில் பல்கலைக்கழகத்தில் பைன் என்ற மின்னஞ்சல் செயலியைப் பயன்படுத்தினேன். பதில் எழுதத் தொடங்கினால் அது கேட்கும்: "அனுப்புநர் முகவரிக்குப் பதிலாக ரிப்ளை-டூ முகவரியைப் பயன்படுத்தவா?" அடுத்து, "எல்லாருக்கும் பதில் அனுப்பவா?" இரண்டுக்கும் ஆம், இல்லை சொல்லிவிட்டுத்தான் எழுத முடியும். அந்தக் கேள்வி இருந்திருந்தால் நெய்தல்நிலவனுக்கு இது நடந்திருக்காது என்று நினைக்கிறேன்.

#5 தபால்தம்பி

ஐயா, பைனை நானும் விரும்பியவன். ஆனால் நாளைக்கு இருபது மடலுக்குப் பதில் எழுதுகிறவரின் விரல் ஒரு வாரத்தில் கேள்வியைப் படிக்காமலே பழகிவிடும். எப்போதும் கேட்கப்படும் கேள்வியைக் கண் வாசிப்பதில்லை.

#6 நெய்தல்நிலவன்

தபால்தம்பி எழுதியதைப் படித்த பிறகு என் அஞ்சல்பெட்டியில் ஒரு குழும மடலின் மூல வடிவத்தைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்ன ஹெடர்கள் வரிசையாக இருக்கின்றன. அப்போதுதான் ஒன்று உறைத்தது.

ஜிமெயிலில் விளம்பர மடலைத் திறந்தால் அனுப்புநர் பெயருக்குப் பக்கத்திலேயே சந்தாவை விலக்கும் இணைப்பு தெரிகிறது. அது லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப் ஹெடரைப் படித்து உருவாவது. 2017இல் ஆர்எஃப்சி 8058 வந்து அதை ஒரே சொடுக்கில் முடியும்படி செய்தது. 2024 முதல் மொத்தமாக விளம்பர மடல் அனுப்புவோருக்கு அது கட்டாயம் என்று கூகுளும் யாகூவும் விதித்தன. ஆக, ஒரே விதிநூலில் பிறந்த இரு ஹெடர்கள். குழுமத்தை விட்டு வெளியேறும் கதவுக்குக் கைப்பிடி வைத்தார்கள். குழுமத்தோடு பேசும் கதவுக்கு இன்றுவரை வைக்கவில்லை. ஜிமெயிலில் பதிலளி, அனைவருக்கும் பதிலளி, முன்னனுப்பு, இவ்வளவுதான்.

செய்ய முடியாத வேலை என்று இதை இனி யாரும் சொல்ல முடியாது. ஹெடரைப் படிக்கத் தெரிந்திருக்கிறது, அதிலிருந்து பொத்தான் செய்யவும் தெரிந்திருக்கிறது. குழும மடல்களால் யாருக்கும் வருமானம் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. கோடிக்கணக்கானோர் மடல் எழுதும் கருவி அது. ஒரு சிறு விதைக் குழுமமும் ஒரு பள்ளியின் பழைய மாணவர்களும் அதன் கணக்கில் வரக்கூடாதா?

குறிஞ்சி அம்மா, உங்கள் பெரியவரின் பதில்கள் தொலைந்ததற்கும் என் மடல் பரவியதற்கும் காரணம் ஒன்றே என்று இப்போது தெரிகிறது. இருவருக்கும் கிடைத்தது ஒரே பொத்தான்.

#7 செவிவழி

நான் பார்வையற்றவன். திரைவாசிப்பான் வழியாகக் கணினி பயன்படுத்துகிறேன். பார்வை உள்ளவர்கள் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன்.

பதிலளி விசையை அழுத்தியதும் பெரும்பாலான செயலிகளில் குவியம் (தட்டச்சு விழும் இடம்) நேராக மடலின் உடலுக்குப் போய்விடுகிறது. பெறுநர் வரி மேலே இருக்கிறது, ஆனால் என் காதில் விழுவதில்லை. பின்னோக்கித் தாவி, பெறுநர் பெட்டிக்குப் போய்க் கேட்டால்தான் யாருக்குப் போகிறது என்று தெரியும். உங்களுக்கு ஓரக்கண் பார்வையில் ஓர் எச்சரிக்கையாவது கிடைக்கிறது, எனக்கு அதுவும் இல்லை. ஆகவே ஒரு பொத்தான் எல்லா மடலிலும் ஒரே வேலையைச் செய்ய வேண்டும் என்பது எனக்கு உயிர்நாடி. ஒரு குழுமத்தில் பதிலளி என்றால் ஆளுக்கு, இன்னொன்றில் ஊருக்கு என்று இருந்தால் நான் ஒவ்வொரு முறையும் சந்தேகத்தோடுதான் எழுத முடியும்.

எனக்கு வேண்டியது சிறிய உதவி. பதில் சாளரம் திறக்கும்போதே "குழுமத்துக்குப் பதில்" அல்லது "இன்னாருக்கு மட்டும் பதில்" என்று சாளரத்தின் தலைப்பிலேயே எழுதியிருக்கட்டும். திரைவாசிப்பான் சாளரத் தலைப்பை முதலில் படிக்கும். கேள்வியும் வேண்டாம், எச்சரிக்கைப் பெட்டியும் வேண்டாம்.

#8 குறிஞ்சி

செவிவழி சொன்னது நான் நினைத்தே பார்க்காத கோணம். எங்கள் குழுமத்திலும் பார்வையற்ற உறுப்பினர்கள் இருவர் இருக்கிறார்கள். அவர்களிடம் இதுவரை கேட்டதே இல்லை. இன்று கேட்கிறேன்.

#9 கணிமுகில்

எல்லாரும் ஏன் இவ்வளவு சிக்கலாக்குகிறீர்கள்? "அனைவருக்கும் பதிலளி" எல்லாச் செயலியிலும் இருக்கிறது. அதை அழுத்தினால் எழுதியவருக்கும் போகும், குழுமத்துக்கும் போகும். லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலை எழுதுவோரின் குழுமத்தில் அதுதான் விதி. நகல் வரியிலிருந்து யாரையும் நீக்காதே என்று கண்டிப்பாகவே சொல்வார்கள். உலகின் மிகப் பெரிய கூட்டு மென்பொருள் வேலை அப்படித்தான் நடக்கிறது. ஒருவருக்கு இரண்டு பிரதிகள் கிடைத்தால் ஒன்றை அழித்துவிட்டுப் போகலாம்.

#10 தபால்தம்பி

கணிமுகில், கருநிரல் குழுமத்துக்கு அது பொருந்துவதற்குக் காரணம் உண்டு. அங்கே உறுப்பினராகச் சேராமலே எழுதலாம். வந்து குவியும் மடல்கள் அத்தனையையும் யாரும் வாசிப்பதில்லை. நகல் வரியில் பெயர் இருந்தால்தான் உரியவர் பார்ப்பார். டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டின் குழுமங்களில் இதற்கு நேர்மாறான ஒழுங்கு: கேட்டுக்கொண்டாலன்றி எழுதியவருக்குத் தனிப்பிரதி அனுப்பாதே, அவர் குழுமத்திலேயே வாசித்துக்கொள்வார். இரண்டுமே அந்தந்த இடத்தில் சரி. ஒன்றின் வழக்கத்தை எல்லாருக்கும் விதியாக்க முடியாது.

இரண்டாவது பிரதி வெறும் தொல்லை என்று நினைக்காதீர்கள். நேரே வந்த பிரதி குழுமச் சர்வரைத் தொடாமல் வந்தது. அதில் குழுமத்தின் அடையாளத்தைச் சொல்லும் லிஸ்ட்-ஐடி இல்லை, லிஸ்ட்-போஸ்ட் இல்லை. குழும மடல்களைத் தனி உறையில் சேர்க்கும் வடிகட்டி அதைப் பிடிக்காது. குழுமப் பதில் பொத்தானும் அந்தப் பிரதியில் தோன்றாது. ஜிமெயில் ஒரே மெசேஜ்-ஐடி (மடலின் தனி அடையாளம்) கொண்ட இரண்டில் ஒன்றைத்தான் காட்டும்; நேர்ப்பிரதி முந்தி வந்துவிட்டால் அதுவே நிற்கும். மெயில்மேனில் இன்னொரு வசதி இருக்கிறது: உங்கள் முகவரி நகல் வரியில் இருந்தால், இரட்டிப்பைத் தவிர்க்கக் குழுமப் பிரதியை உங்களுக்கு அனுப்பாமல் விட்டுவிடும். நல்லெண்ணத்தில் செய்தது. ஆனால் அப்போது உங்களிடம் மிஞ்சுவது ஹெடர் இல்லாத பிரதி மட்டும். அதற்கு நீங்கள் எழுதும் பதில் குழுமத்தைச் சேராமல் போக எல்லா வாய்ப்பும் உண்டு.

இதற்கு ஒரு தீர்வு முன்பே யோசிக்கப்பட்டது. க்யூமெயில் என்ற சர்வர் மென்பொருளை எழுதிய டேனியல் பெர்ன்ஸ்டைன் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் மெயில்-ஃபாலோஅப்-டூ என்று ஒரு ஹெடரை முன்வைத்தார். "இந்த உரையாடலைத் தொடர்கிறவர்கள் இங்கே எழுதுங்கள், எனக்குத் தனிப்பிரதி வேண்டாம்" என்று எழுதுகிறவரே சொல்லிவிடலாம். அது விதிநூலாக ஏறவில்லை. மட் போன்ற சில செயலிகள் மட்டும் இன்றும் அதை மதிக்கின்றன. ரிப்ளை-டூ சுமக்கும் இரட்டைப் பாரத்தை இறக்கியிருக்கக்கூடிய நல்ல யோசனை. அது கைவிடப்பட்டதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

#11 கணிமுகில்

ஹெடர் இல்லாத பிரதி பற்றி எனக்குத் தெரியாது. என் குழும மடல்கள் சில ஏன் உறை மாறி விழுகின்றன என்பது இப்போது விளங்குகிறது. நன்றி. ஆனாலும் கைப்பேசியில் இருக்கும் இரண்டு பொத்தான்களோடு மக்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

#12 குறிஞ்சி

என் கவலையும் அதுதான். எங்கள் உறுப்பினர்களில் பாதிக்கு மேல் உழவர்கள். கைப்பேசி ஒன்றே அவர்களுடைய கணினி. மட், தண்டர்பேர்டு என்று அவர்களிடம் எப்படிச் சொல்வேன்?

இன்னொரு சந்தேகம். சில ஆண்டுகளாக எங்கள் மடல்களில் அனுப்புநர் இடத்திலேயே குழுமத்தின் பெயர் வந்து நிற்கிறது. "இன்னார், குழுமம் வழியாக" என்று. யார் எழுதியது என்று முகவரியைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. இதையும் நான் ஏதோ மாற்றி வைத்ததாக உறுப்பினர்கள் நினைக்கிறார்கள்.

#13 தபால்தம்பி

அது உங்கள் தவறில்லை, அக்கா. டிமார்க் என்ற பாதுகாப்பு முறையின் விளைவு. ஒருவர் பெயரில் இன்னொருவர் போலி மடல் அனுப்புவதைத் தடுக்க உருவானது. அனுப்புநர் முகவரியின் தளம் "என் மின்-கையொப்பம் சரியாக இல்லாத மடலை நிராகரியுங்கள்" என்று அறிவித்து வைக்கலாம். 2014 ஏப்ரலில் யாகூ இதைக் கடுமையாக்கியது, அதே மாதத்தில் ஏஓஎல்லும். குழுமச் சர்வர் பொருள் வரியில் அடைப்புக்குறிக்குள் குழுமப் பெயரையும் மடலின் அடியில் ஒரு குறிப்பையும் சேர்க்கிறதல்லவா? சேர்த்த அக்கணமே எழுதியவரின் கையொப்பம் உடைந்துவிடுகிறது. பெறும் சர்வர்கள் மடலைத் திருப்பி அனுப்பின. வேறு வழியின்றிக் குழும மென்பொருள்கள் அனுப்புநர் முகவரியையே மாற்றத் தொடங்கின.

இதனால் ஒரு விசித்திர நிலை. அனுப்புநர் இடத்தில் குழும முகவரி வந்துவிட்டதால், எழுதியவரின் உண்மை முகவரியை மெயில்மேன் ரிப்ளை-டூவில் வைக்கிறது. ரிப்ளை-டூவைக் குழுமத்துக்கே திருப்பி வைத்திருந்தால் அந்த முகவரி நகல் வரிக்குத் தள்ளப்படுகிறது. இருபது ஆண்டுகளாக "ரிப்ளை-டூவைத் தொடாதே" என்று வாதாடிய நாங்கள், இன்று எழுதியவரைக் காப்பாற்றவே அதைத் தொட வேண்டியிருக்கிறது.

நீங்கள் பொருள் வரி முன்னொட்டையும் அடிக்குறிப்பையும் நிறுத்திப் பாருங்கள். மடலின் உடலும் பொருள் வரியும் மாறாவிட்டால் பெரும்பாலும் கையொப்பம் பிழைக்கும். அனுப்புநர் பெயரை மாற்றத் தேவை இருக்காது. முன்னொட்டை நிறுத்துவதில் தமிழுக்குத் தனி நன்மையும் உண்டு. பொருள் வரியில் தமிழ் எழுத்துகள் அப்படியே போவதில்லை, குறியேற்றப்பட்ட துண்டுகளாகப் போகின்றன. ஒரு துண்டு 75 குறிகளைத் தாண்டக்கூடாது. யுனிகோடு தமிழில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட், பேஸ்64 என்ற குறியேற்றத்தில் நான்கு குறி. கூட்டிக் கழித்தால் ஒரு துண்டில் பதினைந்து தமிழ்க் குறியீடுகள்தான் அடங்கும். மெய்யும் புள்ளியும், உயிர்மெய்யும் துணைக்குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் "மடற்குழு" என்ற சொல்லே எட்டு எடுத்துக்கொள்ளும். முன்னொட்டும் அதன்மேல் பதில் குறியும் ஏறினால், கைப்பேசித் திரையில் உண்மையான பொருள் தெரியவே தெரியாது.

#14 நெய்தல்நிலவன்

குறிஞ்சி அம்மாவின் கைப்பேசிக் கேள்விக்கு வருகிறேன். நான் மென்பொருள் எழுதுபவன் அல்லன். ஆனால் இரவு முழுவதும் இதையே யோசித்தேன். ஒரு செயலி எனக்காக என்ன செய்திருக்க வேண்டும்?

மடலில் லிஸ்ட்-போஸ்ட் இருந்தால் பொத்தான்கள் இரண்டாகத் தெரிய வேண்டும். ஒன்றில் எழுதியவரின் பெயர், "முருகனுக்கு" என்று. மற்றொன்றில் குழுமத்தின் பெயர். வினைச்சொல்லை நீக்கிப் பெயரை எழுதினால் யாரும் கையேடு படிக்க வேண்டியதில்லை. உழவர் ஒருவர் "விதைக் குழுமத்துக்கு" என்ற பொத்தானைப் பார்த்தால் அவருக்கு எல்லாம் புரியும். கைப்பேசித் திரையில் இதற்கு இடமில்லை என்பதை நான் ஏற்க மாட்டேன். மூன்று ஆயத்தப் பதில்களைக் காட்ட அங்கே இடம் இருக்கிறது.

தவறான பக்கம் தொடங்கிவிட்டால், எழுதியதை இழக்காமல் ஒரே தட்டில் மறுபக்கம் மாற முடிய வேண்டும். லிஸ்ட்-ஆர்க்கைவ் இருந்தால் "இந்தக் குழுமத்தின் மடல்கள் காப்பில் சேமிக்கப்படுகின்றன" என்ற ஒரு வரியும் பெறுநர் பெயருக்குக் கீழே வேண்டும். அந்த ஒரு வரியைப் பார்த்திருந்தால் அம்மாவின் நோயைப் பற்றி எழுதியிருக்க மாட்டேன்.

குழுமம் ரிப்ளை-டூவில் தன் முகவரியை இட்டிருந்தால் செயலி என்ன செய்ய வேண்டும் என்பதே கடினமான கேள்வி.

#15 தபால்தம்பி

அதற்குத் தண்டர்பேர்டு ஒரு விடை வைத்திருக்கிறது. ரிப்ளை-டூவில் உள்ள முகவரியும் லிஸ்ட்-போஸ்ட் முகவரியும் ஒன்றாக இருந்தால், அதை இட்டது குழுமம்தான் என்று புரிந்துகொண்டு, சாதாரணப் பதிலை அனுப்புநருக்கே அனுப்பும். குழுமத்துக்குப் பக்கத்திலேயே தனிப் பொத்தான் இருக்கும். இயல்பிருப்பாகவே இப்படி. நீங்கள் அன்று இந்த வசதி உள்ள செயலியில் எழுதியிருந்தால் அந்த மடல் உங்கள் நண்பருக்கு மட்டும் போயிருக்கும்.

#16 நெய்தல்நிலவன்

இதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

#17 வன்னியூரான்

தம்பி, அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?

#18 நெய்தல்நிலவன்

சிகிச்சை முடிந்து நன்றாக இருக்கிறார், ஐயா. அன்றே சொல்லியிருக்கலாமே என்று இன்றும் சில வேளை கேட்பார்.

#19 குறிஞ்சி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பார்வையற்ற உறுப்பினர்கள் இருவரிடமும் பேசினேன். இருவருமே ஒருமுறையாவது தவறி எழுதியிருக்கிறார்கள். என்னிடம் சொல்லக் கூசினார்களாம். அதைக் கேட்ட பிறகு என் பழைய முடிவில் நிற்க மனம் வரவில்லை.

முன்னொட்டையும் அடிக்குறிப்பையும் நிறுத்தினேன். பெரும்பாலோருக்கு அனுப்புநர் இடத்தில் மீண்டும் மனிதர்களின் பெயர்கள் வருகின்றன. ரிப்ளை-டூவையும் எழுதியவர் பக்கமே திருப்பிவிட்டேன். நான் அஞ்சியபடியே முதல் வாரம் பதில்கள் தனிமடலுக்குப் போயின. அதனால் கேள்வி கேட்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன்: தனியே வந்த பதிலை, எழுதியவரின் சம்மதம் கேட்டு, நீங்களே குழுமத்தில் இடுங்கள். இதுவரை பதினொரு பதில்கள் அப்படித் திரும்பி வந்திருக்கின்றன. இரண்டு பேர் சம்மதிக்கவில்லை. அவர்கள் எழுதியதைப் பிறகு எனக்கு மட்டும் காட்டினார்கள். குடும்பத்து நிலத் தகராறு பற்றிய செய்தி இருந்தது. பழைய ஏற்பாட்டில் அது முந்நூறு பேருக்குப் போயிருக்கும்.

கைப்பேசியில் குழுமத்துக்கு எழுதத் தெரியாதவர்கள் இன்னும் ஒன்பது பேர் இருக்கிறார்கள். அவர்களை ஒவ்வொருவராக அழைத்து, "அனைவருக்கும்" என்பதை அழுத்திவிட்டுப் பெறுநர் வரியைப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறேன். நேற்று ஒருவரோடு முக்கால் மணி நேரம் ஆனது. கம்பு விதையைச் சாம்பலில் புரட்டிப் பானையில் வைக்கும் முறையை அவர் குழுமத்துக்கே எழுதினார். அது காப்பில் ஏறியிருக்கிறது.